செவ்வாய் வீட்டைச் சுற்றிக் கட்டிய நாடா

மன்னாரில் இருந்துகொண்டு செவ்வாயில் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசுகிற பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் காலையில் குடையை மடித்து வைத்த கையோடு, "என்ன மிஸ், மேல காணி பிரிச்சு முடிஞ்சுதோ? எனக்கும் ஒரு துண்டு பாருங்கோ, றோட்டுக்கரையா" என்பார். வருடக்கணக்காக இதே பகிடி. ஒருநாளாவது கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நான் வரைபடம் கீறுகிறவள். வீட்டுத்திட்ட வீடுகள், கிணறுகள், பொதுமண்டபங்கள், மலசலகூடங்கள் என்று இந்த மாவட்டத்துக்கு மேலிடத்திலிருந்து வருகிற திட்டங்களுக்குக் கோடு போடுவது என் தொழில். அந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பே, இன்னொருவர் போட்ட கோட்டுக்குள் வாழ்ந்து பழகியவள். சிறுபிள்ளையாகத் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்தபோது எங்கள் குடும்பம் முழுவதும் ஒரே அறைக்குள் இருந்தது. அந்த அறையின் கதவு எதிர் அறையின் கதவை நேராகப் பார்த்தபடி இருந்தது. அம்மா சேலை மாற்றவேண்டுமென்றால் நாங்கள் எல்லோரும் வெளியே போய் நிற்போம். நாங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டதும் எதிர் அறைக்காரருக்குக் காரணம் விளங்கிவிடும். கதவை இரண்டு முழம் தள்ளிக் கீறியிருந்தால் அம்மாவுக்கு அந்த வெட்கம் இருந்திருக்காது. கீறியவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் அதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில்தான் எனக்கு இன்றைக்கும் கோபம்.

யுத்தம் முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் கதை அதுவேதான். கடலுக்குப் போகிறவருக்கு வலை விரிக்க இடமில்லாத வீடு. மீன் பொரித்தால் புகை படுக்கைக்குப் போகிற குசினி. சனங்கள் சாவி வாங்கிய கிழமையே பின்வளவில் தென்னங்கிடுகால் இன்னொரு குசினி இறக்கிவிடுவார்கள். பார்வையிட வருகிற உத்தியோகத்தர்கள், "கட்டித் தந்த குசினியைப் பாவிக்கத் தெரியாதோ?" என்று ஏசுவார்கள். எல்லாவற்றையும்விட என்னைக் கடுப்பேற்றுவது பாதைகள். எங்கள் வரைபடங்களில் காணியின் எல்லை இருக்கும், தெரு இருக்கும். ஒரு வளவுக்குள்ளால் நடந்து அடுத்த வளவுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை இருக்காது. சனங்கள் நாள் முழுவதும் நடப்பதோ அதில்தான். கீற விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "அது பாதை இல்லை மிஸ், அது பழக்கம்" என்றார் மேலதிகாரி.

இந்த எரிச்சலோடு இருந்தபோதுதான் கணினியில் அந்தச் சங்கத்தைக் கண்டேன். மனிதர் பூமிக்கு வெளியே போய்க் குடியேறவேண்டும் என்று வாதாடுகிற ஒரு சங்கம். பல நாடுகளில் உறுப்பினர்கள். அரசாங்கங்களுக்கு விண்ணப்பம் எழுதுவார்கள், பாடசாலைகளில் பேசுவார்கள், சந்திரனிலும் செவ்வாயிலும் கட்டப்போகிற குடியிருப்புகளுக்கு இப்போதே வரைபடம் போடுவார்கள். அவர்களுடைய வரைபடங்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. முகாம். அச்சுக் குறையாமல் முகாம். உருண்டையான முகாம், அது ஒன்றுதான் வித்தியாசம். கதவுக்கு நேரே கதவு. சமைப்பதும் படுப்பதும் ஒரே காற்றில். ஒருவருக்கொருவர் கோபித்துக்கொண்டு போய் இருக்க ஒரு மூலை கிடையாது.

அன்றைக்கே உறுப்பினராகச் சேர்ந்தேன். பைத்தியமா என்று என் கணவர் கேட்டார். நான் சொன்ன பதிலில் இன்றைக்கும் மாற்றமில்லை. மனிதர்கள் ஒருநாள் அங்கே போகத்தான் போகிறார்கள். அவர்களுக்கான வீட்டை யாரோ ஒருவர் கீறத்தான் போகிறார். இன்னொருவர் கீறிய வீட்டுக்குள் மூச்சடைத்துப்போய் இருந்த ஒருத்தியும் அந்த மேசையில் இருக்கட்டும்.

அந்த மேசையில் இடம் பிடிப்பது லேசாக இருக்கவில்லை. சங்கத்தின் கூட்டங்கள் கணினித் திரையில் நடக்கும். எனக்குப் பின்னேரம், அவர்களில் பாதிப்பேருக்குக் காலை. நான் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து இணைப்பு அறும். அறாத நாட்களில், "இலங்கையிலிருந்து நம் தோழி, எவ்வளவு உற்சாகம்!" என்பார்கள். உற்சாகம் என்று சொல்லி முதுகில் தட்டினால் அடுத்த ஆளிடம் போகப்போகிறார்கள் என்று பொருள். குடியிருப்புகளைக் கீறுகிற குழுவில் சேர ஒரு வழி மட்டும் இருந்தது. பயிற்சி வீடு ஒன்றை நடத்திக் காட்டவேண்டும். செவ்வாயில் இருப்பதுபோல ஒரு வீட்டுக்குள் இரண்டு கிழமை, பதினாலு நாளும், அடைபட்டு இருக்கவேண்டும். விதிப்படி நடத்தி முடித்தால் அந்தக் குழுவில் எனக்கு ஓர் இடம் உண்டு என்று எழுத்தில் தந்தார்கள். கதவைத் தள்ளி வைக்கிற பென்சில் என் கைக்கு வரும் என்று நினைத்தேன்.

விடத்தல்தீவுப் பக்கம், உழவுக்கும் உதவாத கடலுக்கும் உதவாத ஒரு உப்பு வெளியின் ஓரத்தில், பூட்டிக் கிடந்த ஒரு திட்டவீடு கிடைத்தது. நான்தான் அதற்கு முன்னொரு காலத்தில் கோடு போட்டவள். சொந்தக்காரர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். சாவி பக்கத்து வளவு அக்காவிடம் இருந்தது. அக்காவும், நாங்கள் அண்ணை என்கிற அவர் கணவரும் இரண்டே பேர்தான். பிள்ளைகள் கரை சேர்ந்துவிட்டார்கள். அந்த வெளியில் வேறு வீடில்லை. அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். சாவியைத் தரும்போதே, "செவ்வாயில சுடுகுதாம் குளிருதாம் எண்டுறியள், இஞ்ச என்ன குறைச்சல்? பங்குனிக்கு வந்து பாருங்கோ" என்றார். அண்ணை பேசமாட்டார், சிரிப்பார்.

ஆணும் பெண்ணுமாக ஒரு வீட்டுக்குள் இரண்டு கிழமை அடைபட்டால் ஊர் எங்களைச் செவ்வாய்க்கு அல்ல, அதற்கும் அப்பால் அனுப்பிவிடும். ஆகவே மூன்று பெண்கள். நான், வங்காலையிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை, முருங்கன் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு தாதி. தாதி முசலிக்கரை முஸ்லிம் பிள்ளை. தொழுகைக்கு எந்தத் திசை என்று செவ்வாயில் எப்படிப் பார்ப்பது என்ற கேள்வியோடுதான் எங்களிடம் வந்தாள். அந்த வருடம் என் காதில் விழுந்த புத்தியுள்ள கேள்வி அது ஒன்றுதான். பூமியிலிருந்து எங்களோடு பேசுகிற நிலையமாக என் கணவர் இருக்கச் சம்மதித்தார். மன்னார் நகரில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை அவருடையது. கடை மேசையில் கைபேசியை வைத்துக்கொண்டு, எந்தச் செய்தியையும் இருபது நிமிடம் தாமதித்து எங்களுக்கு அனுப்பவேண்டும். செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையில் சொல் போய்ச்சேர அவ்வளவு நேரம் எடுக்கும் என்று விளங்கப்படுத்தினேன். "அப்ப நீர் ஏசினாலும் இருபது நிமிசம் கழிச்சுத்தான் எனக்குக் கேக்கும்" என்று சந்தோஷப்பட்டார்.

சங்கத்தின் விதிகள் இவை. வீட்டைச் சுற்றி எல்லை கட்டவேண்டும். வீட்டுக்கு வெளியே காற்றில்லை என்று நினைத்துக்கொள்ளவேண்டும். வெளியே போவதென்றால் உடுப்பும் தலைக்கவசமும் போட்டு, எல்லைக்குள் மட்டும் நடக்கவேண்டும். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக்கூடாது; செவ்வாயில் கூப்பிட யாருமில்லை. எல்லைக்காக இரும்புக் கடையில் சிவப்பு வெள்ளை நாடா வாங்கினேன். தெரு போடுகிறவர்கள் குழிகளைச் சுற்றிக் கட்டுகிறார்களே, அந்தப் பிளாஸ்டிக் நாடா. வளவின் நான்கு மூலையிலும் தடி நட்டு, இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டினோம்.

கட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா வளவோரம் வந்தார். ஏதாவது பகிடி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நாடாவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எத்தினை நாளைக்குக் கட்டப்போறியள் பிள்ளை?"

"ரெண்டு கிழமைக்கு அக்கா. பிறகு அவிட்டிடுவம்."

"ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாயாடி மனிசி இப்படிப் போகிறாரே என்று ஆசிரியையிடம் சொன்னேன். வெயிலாக இருக்கும் என்றாள் அவள்.

அக்கா வீட்டிலிருந்து தெருவுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை எங்கள் வளவுக்குள்ளால் போனது. அதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அது என் கண்ணில் படவேயில்லை. மேலதிகாரியோடு பாதைக்காகச் சண்டை போட்டவளுடைய கண்ணில்.

உள்ளே இருந்த நாட்கள் மோசமில்லை. தண்ணீரை அளந்து குடித்தோம், அரிசியையும் பருப்பையும் நிறுத்து எடுத்தோம். மழைச்சட்டையும் கணவரின் கடைத் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு வளவுக்குள் மண் அள்ளப் போனோம். மத்தியான வெயிலில் மழைச்சட்டை போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள், செவ்வாய்க்குப் போகப்போகிறவருக்கும் வராத வேர்வை வரும். அக்கா தினமும் வந்தார். எப்போதும் நாடாவுக்கு ஒரு எட்டு வெளியே, ஒரே இடத்தில் நின்று சத்தம் போடுவார்.

"செவ்வாய்க்காரியள்! உயிரோட இருக்கிறியளோ? இருந்தா ஒருக்கா இருமுங்கோ!"

நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஒருநாள் மீன் குழம்பு வைத்து, கோப்பையை மூடி, நாடாவுக்கு வெளியே மணலில் வைத்துவிட்டுப் போனார். எடுக்கக்கூடாது. மூன்று பேரும் யன்னலில் நின்று அந்தக் கோப்பையைப் பார்த்தோம். பிறகு காகங்கள் மூடியைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டதைப் பார்த்தோம். அண்ணை இளநீர் கொண்டுவந்து அதே இடத்தில் அடுக்கினார். கையைக் கூட நாடாவுக்கு இந்தப் பக்கம் நீட்டவில்லை. எவ்வளவு ஒழுங்காக விளையாட்டை விளையாடுகிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சங்கத்துக்கு அனுப்புகிற அன்றாட அறிக்கையில் அயலவர்களின் ஒத்துழைப்பு சிறப்பு என்று எழுதினேன்.

இரண்டாம் கிழமை நடுவில், ஒரு பின்னேரம். மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஆசிரியை பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள். தாதி திடீரென்று எழுந்துபோய் விசிறியை நிற்பாட்டினாள். அப்போதுதான் எங்களுக்கும் கேட்டது. அக்காவின் குரல். பகிடிக் குரல் இல்லை.

"அக்கா, அது செத்தவீட்டுச் சத்தம்" என்றாள் தாதி என்னிடம்.

"பொறு தங்கச்சி. பூமியிலயிருந்து செய்தி வரட்டும்."

என் வாயிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது. இன்னும் சில நாள், பிறகு அந்த மேசை, அந்தப் பென்சில். தாதி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"செய்தி வர இருபது நிமிசம் எடுக்கும். எனக்குக் காது இருக்கு."

காற்றுப் போகாமல் இருக்க, ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் கதவு இடுக்குகளில் ஒட்டுகிற தாளை உரித்துக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். நாடா அவளுடைய இடுப்பில் பட்டு அறுந்து பின்னால் பறந்தது. நாங்களும் ஓடினோம்.

அக்காவின் முற்றத்தில் ஒரு ஓட்டோ நின்றது. அண்ணை பாயில் கிடந்தார். தாதி மணிக்கட்டைப் பிடித்தாள், கழுத்தில் விரல் வைத்தாள், கண்ணை விலக்கிப் பார்த்தாள். பிறகு அவருடைய கண்களை மூடிவிட்டு, "இன்னா லில்லாஹி" என்று மெதுவாகச் சொன்னாள். ஓட்டோக்காரர் தொப்பியைக் கழற்றினார். அக்கா என்னைக் கண்டதும், அழுகைக்கு நடுவிலேயே, "ஏன் பிள்ளை வெளியால வந்தனீங்கள்?" என்று கேட்டார். துக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அடக்கம் முடியும்வரை அயலவர்தான் தேத்தண்ணியும் சோறும் கொண்டுவரவேண்டும். அந்த உப்பு வெளியில் அயல் என்று சொல்ல இருந்தது செவ்வாய் வீடு ஒன்றுதான். மிச்சமிருந்த அரிசி முழுவதையும், பொட்டலம் பொட்டலமாக நாள் எழுதி வைத்த பருப்பையும் ஒரே கிடாரத்தில் கொட்டினோம். அளந்து அளந்து குடித்த தண்ணீரை வாளியோடு கவிழ்த்தோம். கிடாரம் கொதிக்கும்போது என் கைபேசி கிணுகிணுத்தது. பூமியிலிருந்து செய்தி. ஓட்டோக்காரர் கணவருக்குத் தெரிந்தவராம், உடனே அறிவித்திருக்கிறார். கணவர் விதி தவறாமல் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்து அனுப்பியிருக்கிறார். "பக்கத்து வளவு அண்ணை மோசம் போயிட்டாராம். நீங்கள் என்ன செய்யப்போறியள்?" நான் அகப்பையோடு நின்று அதை வாசித்தேன். எரிச்சலில் கைபேசியை அடுப்புக்குள் போட்டால் என்ன என்று இருந்தது. அந்த மனிதர் மேல் என்ன பிழை? நான் சொன்னதைத்தான் செய்தார்.

அடுத்த நாள் மாதா கோவில் மணி அடித்து, அண்ணையைக் கொண்டுபோய்ச் சேமக்காலையில் அடக்கினார்கள். ஒரு கிழமை கழித்து, சாவியைக் கொடுக்க நான் அக்காவிடம் போனேன். பிள்ளைகள் வந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். அக்கா கதிரையில் இருந்தார். நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"நெஞ்சைப் பொத்திக்கொண்டு இருந்தவர் பிள்ளை. வேர்த்துக் கொட்டினது. ஓட்டோ பிடிக்க ஓடினனான். உங்கட வளவுக்குள்ளால போனா ஓடிப் போயிடலாம். நாடா கட்டிக் கிடந்ததெல்லே. வெளியால சுத்திப் போனனான். சேத்துக்குள்ள கால் புதையுது. திரும்பி வரேக்க எல்லாம் முடிஞ்சு."

சாவியைக் கதிரைக் கையில் வைத்துவிட்டு அவர் காலடியில் குந்தினேன்.

"அக்கா, அது வெறும் பிளாஸ்டிக்தானே. கையால தள்ளினா அறுந்திடும்."

"தெரியும். மூளைக்குத் தெரியும். கால் போகேல்லைப் பிள்ளை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் திரும்பி வந்த காலத்தில் இந்த வெளி முழுவதும் கண்ணிவெடி. வெடி எடுக்கிறவர்கள் எடுத்து முடிக்காத காணிகளைச் சுற்றி நாடாதான் கட்டியிருந்தார்கள். விறகுக்குப் போகிறவர்கள், மாடு தேடிப் போகிறவர்கள், எல்லோருக்கும் கூட்டம் வைத்துச் சொல்லியிருந்தார்கள், நாடாவைக் கண்டால் நில், திரும்பு, சுற்றிப் போ என்று. அந்தக் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். அதே சிவப்பு வெள்ளை. நான் பிறகு கந்தோரில் கதிரை போட்டு இருந்துவிட்டேன். அவர்கள் வருடக்கணக்காக அதற்குப் பக்கத்தில் நடந்து திரிந்தார்கள்.

"ஒரு சத்தம் வைச்சிருக்கலாமே அக்கா. உள்ளுக்க நேர்ஸ் பிள்ளை இருந்தாளே."

"நான் கூப்பிடத்தான் வெளிக்கிட்டனான். அவர்தான் கையைக் காட்டி மறிச்சவர். பாவம், எத்தினை நாளாப் பாடுபடுகினம், நீ கூப்பிட்டாக் குழம்பிப்போகும் எண்டார். அதுதான் அவர் கடைசியாக் கதைச்சது."

தாதியிடம் போய் இதைச் சொன்னேன். அந்த நெஞ்சுவலி எப்படிப்பட்டதோ, தான் போயிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமோ தெரியாது என்றாள். பிறகு, "கையைப் பிடிச்சுக்கொண்டாவது இருந்திருப்பன்" என்றாள். நான் அழுதேன். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

நடந்ததை ஒன்றும் விடாமல் சங்கத்துக்கு எழுதினேன். அடுத்த கூட்டத்தில் எங்கள் பயிற்சியை எடுத்தார்கள். எல்லோரும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு அனுதாபம் சொன்னார்கள். பிறகு முடிவை வாசித்தார்கள். அடைபட்டிருந்த மூவரில் எவருக்கும் ஆபத்து இருக்கவில்லை. அப்படியிருக்கக் கதவைத் திறந்தது விதிமீறல். ஆகவே பயிற்சி முடிவடையாதது என்று கொள்ளப்படும். குழுவில் இடம் பற்றி அடுத்த முறை யோசிக்கலாம்.

எனக்கு இணைப்பு அறாத அதிசய நாள் அது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டிப் பேசினேன். இடம் வேண்டாம், அதை விடுங்கள் என்றேன். கதவைத் திறந்ததால் பயிற்சி கெட்டது என்று எழுதுகிறீர்கள், அது பொய். நாங்கள் திறந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அதுவரை உங்கள் அடைப்பு உடையவேயில்லை. ஒரு மனிதர் சாகும்போதுகூட உடையவில்லை. அதைத்தான் நீங்கள் குற்றமாக எழுதவேண்டும். உங்கள் வரைபடத்தில் உள்ளே இருப்பவர் எப்படி உயிர் தப்புவது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. வெளியே நிற்பவர் உள்ளே இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு கோடும் இல்லை.

ஒருவர் மிகவும் பொறுமையாகச் சொன்னார், செவ்வாயில் வெளியே நிற்பவர் என்று யாரும் இருக்கமாட்டார்களே என்று.

"ரெண்டாவது வீடு கட்டமாட்டீங்களோ?" என்று கேட்டேன். ஆத்திரத்தில் தமிழில் கேட்டுவிட்டேன். திரும்ப ஆங்கிலத்தில் கேட்டேன். இரண்டாவது வீடு வந்ததும் அயல் வந்துவிடும். அயல் வந்ததும் நோய் வரும், சாவு வரும், நடுராத்திரி தட்டுகிற கை வரும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிற பாதையை முதல் வீடு கட்டுவதற்கு முன்பே கீறுங்கள். வெளியிலிருந்து திறக்கிற கதவு ஒன்று வையுங்கள். பிணத்தை எங்கே வைப்பது என்று கீறி வைத்திருக்கிறீர்கள், நான் பார்த்தேன். அந்த வீட்டுக்கு யார் சோறு கொண்டுவருவது என்று ஏன் கீறவில்லை?

தலைவர், இது மிகவும் பெறுமதியான பண்பாட்டுக் குறிப்பு, அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்வோம் என்றார். அடுத்த விடயத்துக்குப் போனார்கள். செவ்வாய் வீட்டில் கீரை வளர்ப்பது.

பண்பாட்டுக் குறிப்பாம். மேலதிகாரி பழக்கம் என்றார், இவர்கள் பண்பாடு என்கிறார்கள். கோட்டில் போடாமல் விடுவதற்கு ஊருக்கு ஊர் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

"நீர் இதை விட்டுவிடும்" என்றார் கணவர். விடமாட்டேன். ஒவ்வொரு வரைபடத்துக்கும் நான் திருத்தம் எழுதி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் வராத கடிதங்கள் போகின்றன, நன்றி என்று மட்டும் வருகிற பதில்கள் வருகின்றன. கந்தோர் மேசைக்காரர் இப்போது தன் பகிடியைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார். "மேலயும் உங்களை எடுக்கேல்லையாம்?" என்கிறார். சிரிப்பேன் என்று சொன்னேனே, சிரிப்பு வரவில்லை.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவுக்குப் போனேன். பூசையும் அது முடியச் சாப்பாடும் என்று சொல்லியிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு முன்னால் அக்கா போய்க்கொண்டிருந்தார். கையில் கடைப் பை. மெழுகுதிரிப் பெட்டிகள் அதற்கு வெளியே எட்டிப் பார்த்தன. கூப்பிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்துகொண்டேன். இருவரும் அந்த வீட்டு வளவின் வாசலுக்கு வந்தோம். நாடாவை நாங்கள் அடக்கம் முடிந்த அன்றைக்கே அவிழ்த்து எரித்துவிட்டோம். தடிகளையும் பிடுங்கி, குழிகளையும் காலால் மூடியிருந்தோம். வளவுக்குள் பாதை வெள்ளையாகத் தெரிந்தது, அந்தப் பக்கம் அக்காவின் வீட்டுக் கூரை தெரிந்தது. நல்ல வெயில்.

அக்கா வாசலில் நின்றார். பிறகு வலப்பக்கம் திரும்பி, உப்பு வெளியின் சேற்றோரமாக நடக்கத் தொடங்கினார்.

"அக்கா, இதால வாங்கோவன். இப்ப ஒண்டும் இல்லை."

"ஓம் பிள்ளை, தெரியும்" என்றார். நிற்கவில்லை.

பாதை எனக்கு முன்னால் கிடந்தது. நான் கீறிய வளவு, நான் கீறாமல் விட்ட பாதை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அக்காவுக்குப் பின்னால் நானும் சுற்றித்தான் போனேன்.